84.25 மதிப்பெண் பெற்ற காப்பி

பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் இறங்கி நங்கநல்லூர்க் கடைத்தெரு வழியாக மாலை வேளையில் நடந்து வருகிறவர்களுக்கு, காப்பித்தூள் கடை இருக்கும் இடத்தைக் கண் காண்பதற்கு முன்னரே மூக்கு சொல்லிவிடும். கடைக்காரர் கேட்பதும் இரண்டே கேள்விகள்: "பீபரியா, ஏ-யா?" "சிக்கரி எவ்வளவு?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பல்லாண்டுகளாக விடை சொல்லிப் பழகிய ஊரில், சென்ற தீபாவளிக்கு ஒரு நண்பர் எனக்குக் கொடுத்த கால் கிலோ பொட்டலம் மூன்றாவதாக ஒரு செய்தியைத் தாங்கி வந்தது. பொட்டலத்தின் முகப்பில், தங்க எழுத்தில், "கப் ஸ்கோர் 84.25" என்று அச்சிட்டிருந்தது. நூற்றுக்கு.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். முதலாண்டு மாணவர்கள் தனி ஊசல் சோதனையைச் செய்துவிட்டு, ஒரு மீட்டர் கோலையும் ஒரு நிறுத்தற்கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, புவியீர்ப்பு முடுக்கம் 9.8134 என்று எழுதிக் கொண்டுவருவார்கள். கடைசி இரண்டு இலக்கங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இவற்றை எந்தக் கருவி காட்டியது?" என்று கேட்பது என் வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் பொட்டலத்தின் ".25"ஐயும் வட்டமிட்டேன். இந்தக் கட்டுரை அந்த வட்டத்தின் விரிவு.

முதலில் மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். திராட்சை மதுவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தை ராபர்ட் பார்க்கர் என்னும் அமெரிக்கர் 1978இல் தொடங்கிய தம் இதழின் மூலம் பரப்பினார். அவருடைய அளவுகோல் ஐம்பதில்தான் தொடங்கும். வெறுமனே குப்பியில் இருந்ததற்கே ஐம்பது! காப்பி உலகம் இந்த நூறைத் தனக்கும் எடுத்துக்கொண்டது. சிறப்புக் காப்பி வணிகத்தார் சங்கத்தின் படிவம் உலகெங்கும் பரவி, நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது.

சோதிக்கும் முறையில் குறை சொல்ல அதிகமில்லை. 150 மில்லிலிட்டர் நீருக்கு 8.25 கிராம் தூள். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 93 டிகிரி. நான்கு நிமிடம் ஊறவிட்டு, மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, பிறகு ஓசையெழ உறிஞ்சிச் சுவைப்பது. ஒரே காப்பிக்கு ஐந்து கிண்ணங்கள். எடை, கனஅளவு, வெப்பநிலை, காலம் ஆகிய நான்கையும் நிலையாக வைத்துக்கொள்ளும் இந்த ஒழுங்கு என் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் நான் மகிழ்வேன். உறிஞ்சும் ஓசையைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். திரவத்தைச் சிறு துளிகளாக்கி, மணத்தை வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏற்றுவதற்கான வழி அது.

கோளாறு இதற்குப் பிறகுதான். படிவத்தில் பத்து இனங்கள். அவற்றுள் மணம், சுவை, பின்சுவை, புளிப்பு, கனம், சமநிலை, ஒட்டுமொத்தம் என்னும் ஏழுக்கு, ஆறிலிருந்து பத்துக்குள் கால் கால் புள்ளியாக மதிப்பெண். மற்ற மூன்றும், அதாவது சீர்மை, தூய்மை, இனிப்பு ஆகியவை, கிண்ணத்துக்கு இரண்டு வீதம் பத்துப் பத்து. கெட்டுப்போகாத காப்பி என்றால் இந்த முப்பதும் பெரும்பாலும் முழுமையாகவே கிடைத்துவிடும். மற்ற ஏழுக்கும் குறைந்தபட்சம் ஆறு. ஏழாறு நாற்பத்திரண்டு, முப்பதைக் கூட்டினால் எழுபத்திரண்டு. ஆக, பழுதில்லாத காப்பி எவ்வளவு சுமாராக இருந்தாலும் எழுபத்திரண்டில் நிற்கிறது. நூறு என்று சொல்லப்படும் கோலில் உண்மையில் அளக்கப் பயன்படுவது கடைசி இருபத்தெட்டு அலகுகள்தாம். நல்ல காப்பிகள் அனைத்தும் அதிலும் ஒரு பத்துக்குள் நெருக்கியடித்துக் கொண்டிருக்கின்றன.

இப்போது என் பொட்டலத்தின் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஏழு இனங்களுக்கும் ஏழே முக்கால் வீதம் போட்டால் 54.25. அதோடு முப்பது சேர்த்தால் 84.25. சுவைத்தவர் ஒவ்வோர் இனத்திலும் மிகச் சிறிய ஒரு படி, அதாவது கால் புள்ளி, கூட்டியிருந்தால் 86. குறைத்திருந்தால் 82.5. காலையில் சற்று உற்சாகமாக எழுந்தவருக்கும் முதல் நாள் இரவு தூக்கம் கெட்டவருக்கும் இடையே இந்தக் கால் புள்ளி இருக்காதா?

ஆறுக்கும் பத்துக்கும் நடுவே கால் புள்ளி வீதம் எண்ணினால் பதினேழு படிகள் வருகின்றன. ஒரு சுவையின் அளவை, ஒப்பிட வேறொன்று பக்கத்தில் இல்லாமல், மனிதரால் எத்தனை படிகளாகப் பிரித்தறிய முடியும்? ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியலார் 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதைத் தொகுத்துத் தந்திருக்கிறார். உப்புக் கரைசலின் செறிவைப் பொறுத்தவரை ஏறத்தாழ நான்கு படிகள். பயிற்சி இதைக் கூட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கைப் பதினேழாக்கும் என்றால் சான்று கேட்பேன்.

கருவி என்றேன். அது நாக்கு என்று நாம் நினைக்கிறோம், பெரும்பகுதி மூக்கு. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, 1908இல் இக்கேடா என்ற ஜப்பானியர் இனங்கண்ட உமாமி ஆகியவைதாம். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பங்கு பிரித்த படத்தை நானும் பள்ளியில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது தவறான படம். எல்லாச் சுவைகளும் நாக்கின் எல்லாச் சுவைப்பகுதிகளிலும் தெரிகின்றன. ஆனால் வறுத்த காப்பியிலிருந்து ஆவியாகும் சேர்மங்கள் எண்ணூறுக்கும் மேல். அவற்றையெல்லாம் அறிவது மூக்கு மட்டுமே. 2021 மே மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மாமனாருக்கும்தான். காய்ச்சல் நான்கு நாளில் போயிற்று. மணம் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. ஐம்பது ஆண்டுகளாகக் காலையில் இரண்டு டபரா காப்பி குடித்து வந்தவர், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, இது கசக்கிற வெந்நீர்" என்றார். அவர் நாக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சுவை என்பது சின்ன விஷயம் என்று சொல்ல வாய் வராது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பிறகு விரலை எடுத்துப் பாருங்கள்; அவர் சொன்னது புரியும்.

இந்தக் கருவியின் பிழை எவ்வளவு என்பதைக் காப்பியைவிட மதுவில்தான் நன்கு அளந்திருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஆண்டுதோறும் மதுப் போட்டி நடக்கிறது. கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று, தாமே சிறு மது ஆலை வைத்திருந்த ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், 2005 முதல் நான்கு ஆண்டுகள் அங்குள்ள நடுவர்களைச் சோதித்தார். முப்பது கிண்ணங்கள் வரும் வரிசையில், ஒரே குப்பியிலிருந்து ஊற்றிய மதுவையே மூன்று முறை, சொல்லாமல் கலந்து வைத்தார். முடிவுகளை 2008இல் வெளியிட்டார். மூன்று முறையும் ஒரே பதக்க வகுப்புக்குள் மதிப்பெண் போட்ட நடுவர்கள் பத்தில் ஒருவர்தான்! மற்றவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி மேலும் கீழுமாக அலைந்தது. இவர்கள் தெருவில் பிடித்து வந்தவர்கள் அல்லர், தொழில் தெரிந்தவர்கள்.

கண்ணும் இதில் தலையிடுகிறது. போர்தோ பல்கலைக்கழகத்தில், 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேருக்குக் கொடுத்தார்கள். சிவப்பு மதுவுக்கு வழங்கும் சொற்களையே அவர்கள் எடுத்தெடுத்துச் சொன்னார்கள். விலையும் தலையிடுகிறது. 2008இல் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் ஒரே மதுவைப் பத்து டாலர் என்று சொல்லி ஒரு முறையும் தொண்ணூறு டாலர் என்று சொல்லி ஒரு முறையும் கொடுத்து, குடிப்பவரின் மூளையையும் படம் பிடித்தார்கள். தொண்ணூறு என்று சொன்னபோது பிடித்திருந்தது என்றார்கள். இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. விலையை மறைத்துவிட்டால் என்ன ஆகும்? அதே 2008இல் வெளியான வேறோர் ஆய்வில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைமுகச் சுவைப்புகளைத் தொகுத்தபோது, பயிற்சி இல்லாதவர்கள் விலை உயர்ந்த மதுவைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள்.

இவற்றைப் படித்துவிட்டு, "சுவைஞர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது அவசரம். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் பெயர்ச்சீட்டை மறைத்து நடத்திய சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய மதுவை முதலிடத்தில் வைத்தார்கள். சீட்டைப் பார்த்திருந்தால் வைத்திருப்பார்களா? மனித மூக்கு பயனற்ற கருவி அன்று; மறைத்து, மீண்டும் மீண்டும் அளந்து பயன்படுத்த வேண்டிய கருவி. அதற்கு வழியும் ஒரு தம்ளர் தேநீரிலிருந்துதான் வந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஓர் அம்மையார், பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றாராம். ரொனால்ட் பிஷர் எட்டுக் கிண்ணங்களை, வகைக்கு நான்காக, வரிசை கலைத்துக் கொடுக்கும் திட்டம் வகுத்தார். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க எழுபது வழிகள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. 1935இல் அவர் எழுதிய நூலில் திட்டத்தை விரிவாக விளக்கியவர், அம்மையார் வென்றாரா இல்லையா என்பதைச் சொல்லவே இல்லை!

நான் இதை வீட்டில் செய்து பார்க்க முடிவு செய்தேன். என் மாமனார் பீபரியைத் தவிர வேறு வாங்குவதில்லை. பீபரி என்பது வேறு சாதி அன்று என்பதை வாசகர்கள் அறிவார்களா? காப்பிப் பழத்துக்குள் வழக்கமாகத் தட்டையான முகத்தோடு இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்று வளராமல் போய், மற்றது உருண்டையாகத் தனியே வளரும். அதுதான் பீபரி. ஒரே செடியில், ஒரே கிளையில் இரண்டும் காய்க்கும். பிளாண்டேஷன் ஏ, பி, சி என்பவையும் சல்லடைக் கண்ணின் அளவைச் சொல்பவையே. கொட்டையின் உருவத்தை அளக்கும் தரம் அது. ஒருவரும் குடித்துப் பார்த்து இட்ட பெயர் அன்று. விலை மட்டும் குடித்துப் பார்த்ததுபோல ஏறி நிற்கிறது.

சோதனை முக்கோண முறையில். மூன்று தம்ளர், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றொன்று. வேறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். மூன்று தம்ளரை இப்படி அடுக்க ஆறு வகைகள் உண்டு. பகடைக்கும் ஆறு முகங்கள். என் மனைவி அடுக்களையில் பகடையை உருட்டி அதன்படி ஊற்றுவாள். எது எதில் என்று அறியாத நான் கொண்டுபோய் வைப்பேன். என் முகத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா? ஒரே பாக்கெட் பால், அளந்த சர்க்கரை, ஒரே சூடு, இரண்டிலும் சிக்கரி இருபது. பால் இல்லாமல் வெறும் டிகாக்‌ஷனாகக் கொடுக்கலாம் என்றேன். "அதைக் குடிக்க நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றார். விட்டுவிட்டேன். நாளைக்கு இரண்டு முறை, ஆறு நாட்கள், பன்னிரண்டு சோதனைகள்.

பீபரிக்கும் ஏ-க்கும் நடுவே அவர் சரியாகச் சொன்னது ஐந்து. குருட்டாம்போக்கில் எதிர்பார்க்க வேண்டியது நான்கு. ஐந்தோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தேழு. பன்னிரண்டில் எட்டாவது வந்தால்தான் தற்செயல் அன்று என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். இதனால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று நான் நிறுவிவிட்டதாக எண்ண வேண்டாம். பன்னிரண்டு சோதனைகள் சிறு வேறுபாட்டைப் பிடிக்கப் போதா. பாலும் சர்க்கரையும் சேர்ந்த தம்ளரில் அந்த வேறுபாடு இருந்தாலும் சிறியது என்பது மட்டும் தெரிகிறது. "பால் சரியில்லை" என்றார் மாமனார்.

அடுத்த வாரம் சிக்கரி. ஒன்றில் இருபது பங்கு, மற்றதில் நாற்பது. இந்த முறை பன்னிரண்டில் பத்து. இது தற்செயலாக வர இரண்டாயிரம் முறை முயன்றால் ஒருமுறை வரலாம். நானும் மகிழ்ந்துதான் போனேன், என் மனைவி தம்ளர்களைக் காட்டும் வரை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் காப்பியைவிட அதிகமாக நீரில் கரையும். நிறமும் கெட்டியும் கொடுக்கும். நாற்பது போட்ட தம்ளர் கருத்திருந்தது. அவர் கண்ணால் கண்டுபிடித்திருக்கலாம். போர்தோவைப் பற்றிப் படித்துவிட்டு நானே அந்தப் பிழையைச் செய்தேன்! மறுபடியும் கண்ணைத் துணியால் கட்டி ஆறு நாட்கள். ஒன்பது சரி. இருநூற்றறுபதில் ஒன்று. ஆகவே அவருடைய மூக்கும் நாக்கும் திரும்பி வந்துவிட்டன. சிக்கரியை அவரால் அறிய முடிகிறது.

எனக்கு வியப்பளித்தது மற்றொன்று. எது நன்றாக இருந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்து வைத்தேன். சரியாகக் கண்டுபிடித்த ஒன்பதில் ஏழு முறை, நாற்பது பங்கு சிக்கரியைத்தான் "இதுதான் காப்பி" என்றார். பள்ளி ஆசிரியராக இருந்த அவர் தந்தை வாங்கி வந்த தூள் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி விலைக் கணக்கு. எளிமைக்காகக் காப்பி கிலோ 800 ரூபாய், சிக்கரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பங்குக் கலவையின் அடக்கம் 680. நாற்பது பங்குக் கலவையின் அடக்கம் 560. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும், விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டம். அந்த விகிதத்தைப் படித்து இந்தப் பெருக்கலைச் செய்துபார்க்கிறவர் எத்தனை பேர்? தங்க எழுத்தில் 84.25 என்று போட்டவர்கள், சிக்கரி விகிதத்தைப் பொட்டலத்தின் அடியில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் அளவில் போடுகிறார்கள். சட்டம் மீறப்படவில்லை. ஆனால் வாங்குகிறவனுடைய பணப்பைக்கும் நாக்குக்கும் பயன்படும் எண் அடியில் இருக்கும் அதுதான்.

மதிப்பெண்மீது என் பெரிய குறையும் இதுவே. அந்த 84.25 இளவறுப்பில், சிக்கரி இல்லாமல், பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் கிண்ணத்தில் ஊறிய காப்பிக்குக் கொடுத்தது. கருக வறுத்து, பில்டரில் இறக்கி, பாலில் கலந்து, டபராவில் ஆற்றிக் குடிக்கும் பொருளுக்கு அது பொருந்தும் என்று யார் சொன்னது? வெப்பமானியைக் கொண்டு எடை பார்த்துவிட்டு, அதையும் இரண்டு தசம இடத்துக்குச் சொல்வது போன்றது இது.

இருந்தும் இந்த எண்ணை வேடிக்கையாகத் தள்ளிவிட முடியாமல் செய்வது விளைவிக்கிறவரின் நிலை. 1942இல் காப்பி வாரியம் வந்தபின், 1990களில் சந்தை திறந்துவிடப்படும் வரை, தோட்டக்காரர் தம் காப்பியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று தாண்டிக்குடியிலோ ஏற்காட்டிலோ சில ஏக்கர் வைத்திருப்பவர் தாமே வாங்குபவரைத் தேடலாம். எண்பதைத் தாண்டினால் 'சிறப்புக் காப்பி'. அதற்குத் தனி விலை. ஏழு இனங்களுக்கும் ஏழு வீதம் என்றால் கூட்டுத்தொகை 79. ஒவ்வொன்றிலும் கால் புள்ளி கூடினால் 80.75. ஓராண்டு உழைப்பின் விலை அந்தக் கால் புள்ளியில் தொங்குகிறது. பல சுவைஞர்களின் சராசரி எடுத்தால் பிழை குறையும் என்பது உண்மையே. ஐந்து பேர் என்றால் ஒருவருடைய பிழையில் ஏறத்தாழ பாதியாகும். ஆனால் அந்த விதி, ஐவரும் ஒருவரையொருவர் அறியாமல் அளந்தால்தான் செல்லும். ஒரே மேசையைச் சுற்றி நின்று, மூத்தவர் புருவம் உயர்த்துவதைப் பார்த்துக்கொண்டு போட்ட ஐந்து மதிப்பெண்கள், ஐந்து அளவீடுகள் ஆகா. மதிப்பெண்ணோடு பிழை எல்லையையும் அச்சிடட்டும். 79 ± 2 என்றும் 81 ± 2 என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுக்க எந்த வணிகருக்கும் கை கூசும்.

சங்கத்தாருக்கும் இது தெரியாமல் இல்லை. 2023இல் அவர்கள் வெளியிட்ட புதிய முறையில், காப்பியில் என்ன இருக்கிறது என்ற விவரிப்பையும், அது சுவைப்பவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற மதிப்பையும் இரு வேறு படிவங்களாகப் பிரித்துவிட்டார்கள். என் மாமனாரின் விஷயத்தில் நான் கண்டதும் இந்தப் பிரிவினையைத்தான். பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனால் 'பிடித்திருக்கிறது' என்பதை ஒன்றிலிருந்து ஒன்பது வரை எளிமையாகக் குறிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வாய்பாட்டைப் போட்டு அதை நூற்றுக்கு மாற்றி, கால் புள்ளிக்குத் திருத்தி விடுகிறார்கள். பழைய ஆசை போகவில்லை!

முடிவுகளை ஒரு தாளில் எழுதி மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். மறுநாள் மாலை இருவருமாகக் கடைக்குப் போனோம். "வழக்கம்போலத்தானே சார்?" என்றார் கடைக்காரர். மாமனார் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பீபரியே அரையுங்கள், சிக்கரி மட்டும் நாற்பது போடுங்கள்" என்றார்.